வாங்கியவை, வாசிக்கவிருப்பவை, எழுதப்போகிறவை: ஒரு வருங்கால நாவலாசிரியரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தமிழில் நாவல் எழுதியவர்களைப் பற்றி ஆய்வேடுகள் நிறையவே வந்துவிட்டன. கறுப்பு ரெக்ஸின் அட்டையும் தங்க எழுத்துமாகப் பல்கலைக்கழக நூலகங்களில் அவை வரிசை வரிசையாக நிற்கின்றன. நாவல் எழுதப்போகிறவர்களை மட்டும் ஆய்வுலகம் கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டது. எண்ணிக்கையில் இவர்களே பெரும்பான்மையினர் என்பதை நோக்க, இது பெருங்குறை. அக்குறையைக் களைய இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் வசிக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. இக்கட்டுரையில் அவர் ‘நாவலாசிரியர்’ என்றே சுட்டப்படுகிறார். ‘வருங்கால’ என்னும் அடைமொழி தலைப்போடு நிற்கட்டும் என்பது அவர் வேண்டுகோள்.

முதன்மைச் சான்றுகளாக அவர் வீட்டு அலமாரி, பரண், கட்டிலின் அடிப்பாகம், இரண்டு டைரிகள் ஆகியவற்றோடு, மடிக்கணினியில் ‘நாவல்’, ‘நாவல் புதுசு’, ‘நாவல் கடைசி’, ‘நாவல் கடைசி கடைசி’ என்னும் பெயர்களில் உள்ள நான்கு கோப்புகளும் கொள்ளப்பட்டன. துணைமைச் சான்று அவர் மனைவி. முதன்மைச் சான்றுகளைவிடத் துணைமைச் சான்றே நம்பகமானது என்பது களப்பணியின் தொடக்கத்திலேயே தெற்றெனப் புலனாயிற்று.

நாவலாசிரியரின் கருதுகோள் எளிமையானது: எழுதவேண்டுமானால் முதலில் வாசிக்கவேண்டும், வாசிக்கவேண்டுமானால் முதலில் வாங்கவேண்டும். இதன் மெய்ம்மையைச் சோதிப்பதே ஆய்வின் நோக்கம். ஆய்வுக் காலம் ஒரு பொங்கல் தொடங்கி மறு பொங்கல் வரை.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் இரு மூல ஆவணங்களும் 1931ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவ்வாண்டில்தான் புத்தகமாக வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது அதன் முதல் விதி. அதே ஆண்டில் ஜெர்மனியில் வால்டர் பெஞ்சமினின் கட்டுரை ஒன்று வெளியானது. பெட்டிகளில் கிடந்த தம் புத்தகங்களைப் பிரித்து அடுக்குவதைப் பற்றியது அது. சேகரிப்பவன் தன்னிடம் உள்ளதையெல்லாம் வாசித்தாகவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கலாகாது என்பது அக்கட்டுரையில் பெறப்படும் கருத்துகளுள் ஒன்று.

நாவலாசிரியர் இருவரையும் வாங்கிவைத்திருக்கிறார். பெஞ்சமின் அவருக்கு முழு உடன்பாடு. ரங்கநாதனின் முதல் நான்கு விதிகளில் கருத்து வேறுபாடு உண்டு. நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதியை மட்டும் இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்து வருகிறார்.

3. கொள்முதல் இயல்

கொள்முதலின் தலைமைப் பருவம் ஜனவரி. பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்துவருகிறது. அரங்குதோறும் 10 சதவீதக் கழிவு. இக்கழிவின் பொருளியல் தனித்து ஆராயத்தக்கது. 4,000 ரூபாய்க்கு வாங்கினால் 400 ரூபாய் மிச்சம். மிச்சமான 400க்கு இன்னொரு புத்தகம். அதில் மிச்சம் 40. அந்த 40க்கு வெளியே மிளகாய் பஜ்ஜி. கணக்கு நேராகிவிடுகிறது, ‘மிச்சம் பிடித்தோம்’ என்னும் நிறைவு மட்டும் கட்டைப்பையோடு வீட்டுக்கு வருகிறது.

கொள்முதல் நூல்கள் ஐவகைப்படும்.

ஒன்று, படிப்பதற்கென்று வாங்குபவை. இவை மிகச் சிலவே, விரித்துரைக்க ஒன்றுமில்லை.

இரண்டு, வீட்டில் இருக்கவேண்டியவை. டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ இவ்வகையின் தலைமகன். இதை வைத்திருக்கும் வீடுகளில் முதல் தொகுதியின் முதுகு மட்டும் சற்றே வளைந்திருக்கும். மற்றவை கடையில் இருந்த மேனிக்கே இருக்கும்.

மூன்று, ஆய்வுத் தேவைக்கானவை. இவற்றை எழுத்து இயலில் காண்க.

நான்கு, தாட்சண்ய நூல்கள். எழுதியவர் அரங்கின் வாசலிலேயே பேனாவோடு நிற்கிறார். முகநூல் பழக்கம் வேறு. கண்ணில் பட்ட பிறகு வாங்காமல் நகர்வது தமிழ்ப் பண்பாட்டில் இல்லை. கையெழுத்தில் ‘பேரன்புடன்’ என்று இருந்தால் பழைய புத்தகக் கடைக்கும் போடமுடியாது.

ஐந்து, மறதி நூல்கள். முன்பே வாங்கியதை மறந்து மீண்டும் வாங்கியவை. ஒரே நாவலின் இரு பதிப்புகள் பரணில் ஒன்றும் கட்டிலடியில் ஒன்றுமாகக் கண்டெடுக்கப்பட்டன. பாடபேதம் பார்க்க வாங்கியதாக விளக்கம் பெறப்பட்டது.

வாங்கிய அன்றிரவே எல்லாவற்றையும் முதுகு தெரிய அடுக்கி, ‘இவ்வாண்டு அறுவடை’ என்று படம் போடுவது மரபு. விதைத்தவர் யாரோ, உழுதவர் யாரோ என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. கீழே வரும் வாழ்த்துகளில் ‘நல்ல தேர்வு, படித்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்பதுதான் மிகுதி. படித்துவிட்டுச் சொன்ன செய்தி எதுவும் களத்தில் பதிவாகவில்லை.

இடநெருக்கடி குறித்த உரையாடல் ஒன்று ஆய்வாளர் முன்னிலையிலேயே நிகழ்ந்தது.

“ஏங்க, செருப்பு ஸ்டாண்டு மேல இம்புட்டு புஸ்தகத்தை அடுக்கிவச்சா தண்ணி கேன் போடுறவர் கேனை எங்க வைப்பாரு?”

“இதெல்லாம் நாவலுக்கான முதலீடும்மா.”

“முதலீடு சரி. வட்டி எப்ப வரும்?”

இதற்கு விடை வரவில்லை. தண்ணீர் கேன் இப்போது மாடிப்படியில் வைக்கப்படுகிறது.

4. வாசிப்புத் திட்ட இயல்

வாசிப்புத் திட்டம் என்பது வாசிப்பின் ஒரு பகுதி அன்று. அது தனியான இலக்கிய வகை. நாவலாசிரியரின் இரு டைரிகளுள் ஒன்று முற்றிலும் இதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் நூற்பெயர், ஓரத்தில் டிக் போடச் சிறு கட்டங்கள். கட்டங்கள் ஸ்கேல் வைத்து வரையப்பட்டவை. கோணல் ஒன்றுகூட இல்லை. டிக்குகள் அரிதாகவே காணக்கிடைக்கின்றன.

திட்டத்தின் அடிப்படை, நாளொன்றுக்கு 20 பக்கம். இந்த அலகைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைச் சோதிக்கலாம். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்கள் கொண்டது. 25,000 பக்கங்களுக்கு மேல். நாளுக்கு 20 வீதம் 1,250 நாள். மூன்றேகால் ஆண்டுக்கும் மேல். காய்ச்சல் கூடாது, ஊர்த் திருவிழா கூடாது, மார்ச் மாத ஆண்டிறுதிக் கணக்கு கூடாது. 2014 தொடங்கி 2020 வரை அதை நாள்தோறும் எழுதி வெளியிட்டவருக்கு இந்த வசதிகள் எதுவும் இருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரு வாரம் தவறினால் அவ்வாரப் பக்கங்கள் அடுத்த வாரத்தோடு சேரும். பொறியியல் கல்லூரி அரியர் போல இவை ஏறிக்கொண்டே போய், மாசி முடிவதற்குள் நாளொன்றுக்கு 90 பக்கம் என்றாகிவிடுகிறது. அப்போது திட்டம் கைவிடப்படுவதில்லை, திருத்தப்படுகிறது. திருத்திய திட்டத்தை அழகாகப் பிரதியெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகத் தேவைப்படுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் வாசித்திருக்கலாமே என்று கேட்பது இலக்கியம் அறியாதார் கூற்று.

உண்மையில் எதுவரை வாசிக்கப்பட்டது என்பதை அறிய ஆய்வாளர் தொல்லியல் முறையைக் கையாண்டார். அதாவது, புத்தகங்களுக்குள் அடையாளமாகச் செருகியவற்றை இடம் பெயர்க்காமல் ஆராய்ந்தார். கிடைத்தவை இரு வகை. மாநகரப் பேருந்துச் சீட்டுகளும் கல்யாணப் பத்திரிகைக் கிழிசல்களும் ஒரு வகை. இவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் முன்னுரையைத் தாண்டி, ருஷ்யப் பெயர்கள் ஒன்றுக்கு மூன்றாகப் பெருகத் தொடங்கும் இடத்தில் நிற்கின்றன. சமையல் கேஸ் ரசீதுகள் மற்றொரு வகை. இவை கடைசி அத்தியாயங்களில், சில இடங்களில் பின்னட்டைக்கு உள்புறமே காணப்பட்டன. சில பக்கங்களில் மஞ்சள் கறை. முதல் வகை நாவலாசிரியருடையது. இரண்டாம் வகையை அவர் அறிந்திருக்கவில்லை.

5. எழுத்து இயல்

நாவலில் இதுவரை முடிந்தவை வருமாறு: தலைப்பு, சமர்ப்பணம், என்னுரை, நன்றியுரை, பின்னட்டை வாசகம். அட்டைக்கு ஓவியரும் முடிவாகிவிட்டார். முன்னுரையை யாரிடம் வாங்குவது என்பதில் மட்டும் இரு மூத்த எழுத்தாளர்களுக்கிடையே தயக்கம் நிலவுகிறது. ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் தரப்பு தம்மை ஒதுக்கிவிடும் என்று அஞ்சுகிறார். இரு தரப்புக்கும் அவரைத் தெரியாது.

கருவிகளிலும் குறை வைக்கவில்லை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சுவது தமிழுக்கு இழுக்கு என்று கருதித் தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு பருவம் ஒதுக்கினார். பழகிய பின் எழுத்துரு சிக்கல். லதா எழுத்துருவில் தம் நடை தட்டையாகத் தெரிகிறது என்றார்.

நாவல் மூன்று தலைமுறைக் கதை. முதல் நாவல்கள் மூன்று தலைமுறைக்குக் குறைவதில்லை. முதல் அத்தியாயத்தில் தாத்தா மாட்டுவண்டியில் தாமிரபரணியைக் கடந்து திருநெல்வேலிக்குள் வரவேண்டும். நடுவில் சுலோசன முதலியார் பாலம். அது 1843இல் திறக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டார். அதோடு நின்றிருந்தால் தாத்தா ஊர் சேர்ந்திருப்பார். பாலத்தில் வண்டிக்குச் சுங்கம் உண்டா என்றொரு ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்கக் கால்டுவெல்லின் 1881ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாறு வாங்கப்பட்டது. பிறகு பேட் எழுதிய 1917ஆம் ஆண்டு மாவட்ட கெசட்டியர். பிறகு பாளையப்பட்டுகள் பற்றி நான்கு, மாட்டினங்கள் பற்றி ஒன்று. ஆய்வுக் காலம் முடியும்வரை வண்டி பாலத்தின் கிழக்கு முனையிலேயே நின்றது. மாடுகளுக்கு மட்டும் இனம் முடிவாகியிருந்தது.

6. ஒப்பாய்வு

நாவல் எழுதியே விட்டவர்கள் எவ்வாறு எழுதினர் என்பதை இனி நோக்கலாம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படுவது. ஆகவே, எழுதும்முன் படித்து முடிக்கவேண்டிய தமிழ் நாவல்களின் பட்டியல் அவரிடம் இருந்திருக்க வழியில்லை. முன்சீப் வேலைக்கிடையே இது அவருக்குப் பெருத்த அனுகூலமாக இருந்திருக்கவேண்டும்.

பி.ஆர். ராஜமையர் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘கமலாம்பாள் சரித்திரத்தை’த் தொடராக எழுதத் தொடங்கியது 1893இல். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். இருபத்தாறில் மறைந்தார். வாசிப்புத் திட்டத்தை முடித்துவிட்டு வரலாம் என்று அவர் காத்திருந்தால் தமிழுக்கு அந்த நாவல் இல்லை.

கல்கி ‘பொன்னியின் செல்வனை’ 1950 தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதினார். சோழர் வரலாற்றை அவரும்தான் படித்தார். ஆனால் ஓவியர் மணியம் படம் போட அத்தியாயம் வேண்டும். அச்சகத்துக்குப் பக்கம் வேண்டும். ஊர் ஊராக வாசகர் கடைவாசலில் நிற்கிறார்கள். வந்தியத்தேவன் எந்த ஆற்றங்கரையிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கமுடியாது.

பிறநாட்டுச் சான்றுகளும் இதையே வலியுறுத்துகின்றன. 1866இல், பதிப்பாளரோடு முந்தைய ஆண்டு செய்திருந்த ஒப்பந்தப்படி, குறித்த நாளுக்குள் நாவல் தராவிட்டால் தம் எழுத்துகளை ஒன்பதாண்டு காசில்லாமல் வெளியிடும் உரிமையை அப்பதிப்பாளரிடம் இழக்கும் நிலை தஸ்தயேவ்ஸ்கிக்கு. சுருக்கெழுத்துப் பெண் ஒருவரை அமர்த்தி 26 நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். மறு ஆண்டு அப்பெண்ணையே மணந்துகொண்டார். இங்கிலாந்தின் அஞ்சல்துறை அதிகாரி ஆந்தனி ட்ரோலப், விடியற்காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்து, கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார். நாவல்கள் 47 தேறின. தம்மை நேரத்துக்கு எழுப்பிவிட ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவர்கள் அனைவருக்கும் பொதுவானது புத்தக அலமாரி அன்று. ‘எங்கே, கொண்டா’ என்று கேட்க ஒருவர் இருந்தார். இல்லாவிடத்துக் கடிகாரத்தையும் ஊழியரையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டனர். நாவலாசிரியரை யாரும் கேட்பதில்லை. கேட்பவையெல்லாம் வாங்கச் சொல்லும் விளம்பரங்களே.

7. சோதனையும் முடிவும்

மேற்கண்ட முடிபைச் சோதிக்கத் துணைமைச் சான்றின் ஒத்துழைப்பு கோரப்பட்டது. ஒரு ஞாயிறு காலை அவர் தோசை வார்த்தபடியே, “அந்தத் தாத்தா பாலத்தைத் தாண்டுனாரா இல்லையா? அடுத்த ஞாயித்துக்கெழமை நான் படிக்கணும், எழுதி வைங்க” என்றார். அவ்வாரம் தாத்தா பாலத்தைக் கடந்தார். சுங்கம் பற்றிய பேச்சே இல்லை. சந்திப்பிள்ளையார் முக்கில் இறங்கி யாரோடோ சண்டையும் போட்டுவிட்டார். அந்த வாரத்தில் புத்தகம் ஒன்றும் வாங்கப்படவில்லை. அடுத்த வாரம் கேட்டவர் தங்கை மகள் வளைகாப்புக்கு ஊருக்குப் போக, எழுத்து நின்று, கூரியரில் இரண்டு பார்சல்கள் வந்தன. மாறியின் விளைவு இதனினும் தெளிவாகப் புலப்படுதல் அரிது.

ஆகவே, வாசிப்புக் குறைவால் நாவல் நிற்கிறது என்னும் கருதுகோள் மறுக்கப்படுகிறது. நாவல் நிற்பது கேட்பாரற்று நிற்பது. புத்தகம் வாங்குவதும் திட்டம் தீட்டுவதும் அந்த வெற்றிடத்தை நிரப்ப மேற்கொள்ளப்படும் கௌரவமான வேலைகள்.

மேலாய்வுக்குரிய களம் ஒன்றைச் சுட்டி இக்கட்டுரை அமைகிறது. அவ்வீட்டில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ உள்ளிட்ட பல நாவல்களைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தவர், கேஸ் ரசீதை அடையாளம் வைக்கும் பழக்கமுடையவர். அவரிடம் திட்டம் இல்லை, டைரி இல்லை. நாவல் எழுதப்போவதாக யாரிடமும் சொன்னதும் இல்லை. இக்காரணங்களால் அவர் எழுதிவிடும் வாய்ப்பு மிகுதி. ஆய்வுலகம் இப்போதே விழிப்போடு இருத்தல் நலம்.