இல்லாத கடைக்கு ஐந்து நட்சத்திரம்

ஒரு வணிக நிறுவனம் முகநூல், இன்ஸ்டகிராம், யூடியூப், கூகுள் மேப்ஸ் முதலிய தளங்களில் தன்னைப் பற்றித் தானே நல்லது பேசிக்கொள்வதற்குச் சமூக ஊடகச் சந்தைப்படுத்தல் என்றும், பிறர் அதே தளங்களில் பேசும் கெட்டதைச் சமாளிப்பதற்கு நற்பெயர் மேலாண்மை என்றும் வணிகவியலார் பெயரிட்டுள்ளனர். முன்னதற்குப் பணம் செலவாகும். பின்னதற்குத் தூக்கம் செலவாகும். இவ்விரு துறைகளுக்கும் பாடநூல்களும் சான்றிதழ் வகுப்புகளும் மாதச் சம்பள வல்லுநர்களும் பெருகிவிட்ட இக்காலத்தில், இவற்றின் குறுகிய வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோருக்குச் சங்கடமான உண்மையொன்று தட்டுப்படுகிறது. அப்பழுக்கில்லாத நற்பெயர் என்பது சமூக ஊடகத்தில் உலகில் இல்லாத பொருளுக்கும் இல்லாத ஆளுக்குமே எளிதில் வாய்க்கிறது. இருக்கிற கடைக்கோ, அது இருப்பதே முதல் இடையூறாக அமைந்துவிடுகிறது.

நட்சத்திரங்களுக்கு இத்தனை மதிப்பு வந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயையும், யெல்ப் என்னும் தளத்தில் வாடிக்கையாளர்கள் அவற்றுக்கு வழங்கிய நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுகிறது என்றும், இந்தப் பயன் ஊருக்கு ஊர் கிளை பரப்பிய பெரிய உணவகங்களுக்குக் கிட்டாமல் தனிக்கடைகளுக்கு மட்டுமே கிட்டுகிறது என்றும் கண்டார். அந்த ஆய்வைக் கண்ணாலும் பார்த்திராத தமிழ்நாட்டு உணவக முதலாளிகள் அதன் முடிவை நன்கறிவர் என்பதற்கு, கல்லாவின் மேல் சோம்புக் கிண்ணத்துக்கும் பல்குச்சி டப்பாவுக்கும் நடுவே நிற்கும் கியூஆர் கோடு அட்டையே சான்றாகும். மீதிச் சில்லறையை நீட்டும் கையே அந்த அட்டையையும் சுட்டிக்காட்டி, “சார், அப்படியே நம்ம கடைக்கு ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுட்டுப் போங்க” என்கிறது. கழுவிய கை காயாத நிலையில், பின்னால் நான்கு பேர் பில்லோடு காத்திருக்க, பரிமாறியவரே தோளுக்கு மேலாக எட்டி அலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நட்சத்திரம் போடும் நெஞ்சுறுதி வாய்த்த வாடிக்கையாளர் அரிதினும் அரிது. அவரது உண்மையான கருத்து பேருந்தில் ஏறியபின், சாம்பார் தன் கருத்தை வயிற்றில் சொல்லத் தொடங்கும்போதுதான் உருவாகிறது.

இவ்வாறு திரளும் கருத்துகளுக்குப் பொதுவழக்கில் ரிவ்யூ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பலகையில் எழுதிய கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, கடை மூடியிருந்தது என்று ஒற்றை நட்சத்திரம் போடுவோரும், பிரியாணி அருமை ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை என்று அதே ஒன்றைப் போடுவோரும், இன்னும் போனதில்லை, விரைவில் போவேன் என்று ஐந்து போடுவோரும் சேர்ந்தே அந்தச் சராசரியை உருவாக்குகின்றனர். இந்த ரிவ்யூக்களுக்குக் கடைத்தரப்பில் பதில் எழுதும் அட்மின், அதாவது பெரும்பாலும் முதலாளியின் கல்லூரி செல்லும் மகன், எங்கிருந்தோ எடுத்துவைத்த ஒரே வாசகத்தை எல்லாவற்றின் கீழும் ஒட்டிவிடுவதால், “சட்னி பிரமாதம்” என்று எழுதியவருக்கும், தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்ற பதிலே கிடைக்கிறது. இதில் குறை காண்பது எளிது. ஆனால் எழுதியவர் எவரும் திரும்பிவந்து அந்தப் பதிலைப் படிப்பதில்லை என்பதையும், படிப்பவர் எல்லோரும் இன்னும் கடைக்குள் கால்வைக்காதவர்களே என்பதையும் அந்த மகன் பாடநூல் ஆசிரியர்களுக்கு முன்பே கண்டுகொண்டான் என்றே கொள்ள வேண்டும்.

இக்கலையின் உச்சத்தைத் தொட்ட உணவகம் லண்டனில் இருந்தது, அல்லது இல்லாதிருந்தது. ஊபா பட்லர் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர், உணவகங்களில் சாப்பிடாமலே அவற்றை டிரிப்அட்வைசர் தளத்தில் புகழ்ந்து எழுதும் பணியை, ஒரு ரிவ்யூவுக்கு 10 பவுண்டு என்ற கணக்கில் முன்பு செய்துவந்தவர். சாப்பிடாதவர் எழுதும் ரிவ்யூ செல்லுமானால் சமைக்காதவர் நடத்தும் உணவகம் ஏன் செல்லாது என்ற தர்க்கம் அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 2017-ல் அவர் தென் லண்டனின் டல்விச் பகுதியில் தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை ‘தி ஷெட் அட் டல்விச்’ என்ற பெயரில் அத்தளத்தில் உணவகமாகப் பதிவுசெய்தார். முன்பதிவு செய்தோருக்கு மட்டுமே அனுமதி என்று அறிவித்து, கதவு எண் கொடுக்கும் தொல்லையிலிருந்து தப்பினார். உணவு வகைகளுக்கு மனநிலைகளின் பெயர்களைச் சூட்டினார். இணையதளத்துக்கான புகைப்படங்களில் நுரை ததும்பிய பண்டத்தின் நுரை, முகச்சவர நுரை. இன்னொரு தட்டில் பளபளத்தது, பாத்திரம் கழுவும் வில்லை. மற்றொன்றில் முட்டைக்கு அருகே இறைச்சிபோல் கிடந்தது, அவருடைய குதிகால். நண்பர்கள் ஆளுக்கொரு கணினியிலிருந்து ஐந்து நட்சத்திரங்களாகப் போட்டுவந்தனர்.

லண்டன் உணவகங்களின் வரிசையில் 18,149-ஆம் இடத்தில், அதாவது கடைசியில் தொடங்கிய கொட்டகை, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதலிடத்துக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் கொட்டகையின் தொலைபேசியில் இடம் கேட்டுக் கெஞ்சியவர்களுக்கெல்லாம், வாரக்கணக்கில் இடமில்லை என்ற ஒரே பதிலே கிடைத்தது. அது முழு உண்மை. கொட்டகையில் இடம் இருந்ததே இல்லை. மறுக்க மறுக்க மதிப்பு ஏறியது. வேலை கேட்டும் விண்ணப்பங்கள் வந்தன. சமையலறை இல்லாததால் உப்புக் கூடவில்லை, பரிமாற ஆள் இல்லாததால் எவரும் முகம் சுளிக்கவில்லை, கழிப்பறை இல்லாததால் அதன் தாழ்ப்பாள் பற்றியும் புகார் இல்லை. இறுதியில் மனம் இரங்கிய பட்லர் ஒரே ஓர் இரவு கொட்டகையைத் திறந்து, பேரங்காடியில் வாங்கிய மலிவு விலைத் தயார் உணவை மைக்ரோவேவில் சூடாக்கி, அதன் மணியோசை வெளியே கேட்காதபடி பாட்டு ஒலிக்கவிடும் டிஜே ஒருவரையும் அமர்த்தி விருந்து வைத்தபோது, உண்டு முடித்தவர்களில் சிலர் அடுத்த முறை இடம் கிடைப்பது எளிதாக இருக்குமா என்று கேட்டுச் சென்றனர். செய்தி வெளியானபின் டிரிப்அட்வைசர், பொய் உணவகம் தொடங்கும் வேலையைப் பத்திரிகையாளரைத் தவிர வேறெவரும் செய்வதில்லை என்ற பொருளில் விளக்கமளித்தது. பத்திரிகைத் துறையின் மீது அந்நிறுவனம் கொண்டுள்ள நம்பிக்கை பாராட்டுக்குரியது.

இல்லாதவரின் புகழுக்குத் தமிழ்நாடு அளித்த கொடை இதனினும் பெரிது. 2019 மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் பயில்வோருக்கான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியலின் படத்தை இட்டு உங்கள் நாட்டில் இதற்குப் பெயர் என்ன என்று கேட்டிருந்தனர். பெயரைச் சொன்னதோடு நில்லாத தமிழர் ஒருவர், இதனால்தான் நேசமணியின் தலை உடைந்தது என்றும் சேர்த்து எழுத, விவரம் அறியாத வெளியார் பதறி நலம் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்னும் ஹேஷ்டேக், அதாவது ஒரே பேச்சைச் சேர்ந்த பதிவுகளைக் கோத்துத் தரும் அடையாளச் சொல், உலக அளவில் டிரெண்டிங் ஆயிற்று. நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவியேற்ற அதே நாட்களில், நாட்டின் இன்னொரு பெரிய கவலையாகக் காண்ட்ராக்டர் நேசமணியின் உடல்நிலை விளங்கியது. அவர் 2001-ல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் என்பதும், சுத்தியல் விழுந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதும் பிரார்த்தனைக்குத் தடையாகவில்லை.

வணிக நிறுவனங்களும் பிரார்த்தனையில் கலந்துகொண்டன. ஊரே பேசும் செய்தியோடு தன் சரக்கையும் ஒட்டிக்கொண்டு சவாரி செய்வதற்குத் தருணச் சந்தைப்படுத்தல் என்று பெயர். 2013 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடந்த நியூ ஆர்லியன்ஸ் அரங்கில் 34 நிமிடம் ஆட்டம் தடைப்படும் அளவுக்கு மின்சாரம் போனபோது, இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்க்கலாம் என்ற பொருள்பட ஓரியோ நிறுவனம் உடனடியாக இட்ட பதிவு, பல இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிய தொலைக்காட்சி விளம்பரங்களைவிட அதிகம் பேசப்பட்டதிலிருந்து இந்தப் பழக்கம் வேரூன்றியது. மின்வெட்டை வணிக வாய்ப்பாகக் காணும் இத்தத்துவத்தைத் தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் விற்பனையாளர்கள் அதற்கும் முன்பே அறிந்திருந்தனர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

உள்ளபடியே விமானமும் கட்டிலும் வைத்திருந்து தொழில் நடத்துவோரின் நிலை இவ்வளவு சுகமானதன்று. 2013 செப்டம்பரில், தந்தையின் பயணப் பெட்டியைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தொலைத்துவிட்டது என்று மனம் கொதித்த பயணி ஒருவர், நிறுவனங்கள் தம் புகழைப் பரப்பப் பயன்படுத்தும் கட்டண விளம்பர வசதியைத் தாமே ட்விட்டரில் ஏறத்தாழ ஆயிரம் டாலருக்கு வாங்கி, அந்நிறுவனத்தில் பறக்காதீர் என்று ஊரறியப் பரப்பினார். உலகின் எல்லா நேர வலயங்களிலும் இரவு பகலாக விமானம் ஓட்டும் அந்நிறுவனம், பல மணி நேரம் கழித்து, தங்கள் ட்விட்டர் கணக்கு காலை 9 முதல் மாலை 5 வரைதான் இயங்கும் என்று பதிலளித்தது. பெட்டி தொலைந்த செய்தியை மறந்தவர்களும் இந்த அலுவலக நேரத்தை மறக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த ஒரு விடுதியோ, தன் இடத்தில் திருமணம் நடத்துவோரின் விருந்தினர் எவரேனும் குறைசொல்லி எழுதினால் ரிவ்யூ ஒன்றுக்கு 500 டாலர் முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படும் என்று விதி வகுத்திருந்தது. 2014-ல் இது செய்தியானதும், அந்த விடுதியைக் கனவிலும் கண்டிராத பெருந்திரள் யெல்ப்பில் புகுந்து ஒற்றை நட்சத்திரங்களைக் கொட்டியது. அது வேடிக்கைக்காக எழுதிய விதி என்று விடுதி சொன்ன விளக்கத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. குறைகூறும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிப்பதைத் தடுக்க 2016-ல் அமெரிக்காவில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இத்துயரிலிருந்து விடுதலை பெற்ற ஒரே கடையாகக் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் இருந்த பாட்டோ பிஸ்ட்ரோ என்னும் இத்தாலிய உணவகத்தைச் சொல்லலாம். யெல்ப்பில் விளம்பரம் செய்யச் சொல்லி விற்பனைப் பிரதிநிதிகள் ஓயாமல் நச்சரித்ததாகச் சலிப்புற்ற அதன் உரிமையாளர், தம் உணவகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போடுவோருக்கு விலையில் 25 விழுக்காடு தள்ளுபடி என்று 2014-ல் அறிவித்தார். அந்த வட்டாரத்திலேயே மிக மோசமான உணவகம் என்ற பட்டமே அவர் இலக்கு. வாடிக்கையாளர்கள் பீட்சாவை ரசித்துத் தின்றுவிட்டு, வேண்டுமென்றே அபத்தமான குறைகளை அடுக்கி எழுதினர். காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது விதிமீறல் என்று யெல்ப் எச்சரித்தது. நல்ல பெயருக்குக் காசு கொடுப்போரைப் பிடிக்க எழுதிய விதியில் கெட்ட பெயருக்குக் காசு கொடுத்தவர் சிக்கியது, நற்பெயர் மேலாண்மையின் வரலாற்றில் இதுவரை நிகழ்ந்த ஒரே தத்துவ விவாதம் என்று துணிந்து கூறலாம்.

இந்தியாவில் அரசும் விளம்பரத் துறையும் பொய்ப் புகழை வேறு வழியில் அணுகுகின்றன. இணைய ரிவ்யூக்களைத் திரட்டி வெளியிடும் தளங்கள் எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்கும் முறைகளை உள்ளடக்கிய ஐஎஸ் 19000:2022 என்னும் தரநிர்ணயம் 2022 நவம்பரில் வெளியிடப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு புகழும் இன்ஃப்ளூயன்சர், அதாவது தம்மைப் பின்தொடர்வோரின் விருப்பத்தைத் திருப்பவல்லவர், அதை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என விளம்பரத் தர மன்றம் 2021-ல் விதித்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதல் முறை 10 இலட்சம், மறுமுறை 50 இலட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 2016-ல் கணினியில் பிறந்து, பிராடா போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரமும் செய்துவிட்ட லில் மிக்கேலா என்னும் உருவம் போன்ற மெய்நிகர் இன்ஃப்ளூயன்சர்களுக்கு அதே மன்றத்தின் விதிகளில் கூடுதலாக ஒரு கடமையும் உண்டு. தாம் உண்மையான மனிதர் அல்லர் என்று அவர்களே அறிவிக்க வேண்டும். இல்லாதவருக்குச் சுமத்தப்பட்ட சுமை இந்த ஒரு வரி அறிவிப்பு மட்டுமே.

இருக்கிறவருக்கு நடைமுறை சற்று நீளமானது. கூகுள் மேப்ஸில் தம் கடையைப் பதிய விரும்பும் மளிகைக்காரரிடம், அவர் உண்மையிலேயே இருக்கிறார் என்பதற்குப் பெரும்பாலும் வீடியோ ஆதாரம் கேட்கப்படுகிறது. தெருவையும் பக்கத்துக் கட்டடங்களையும் காட்டி, கடையின் பெயர்ப்பலகையைக் காட்டி, பூட்டைத் திறந்தோ கல்லாவைத் திறந்தோ இது தம் பொறுப்பிலுள்ள கடைதான் என்று மெய்ப்பித்து, இவ்வளவையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில் படம்பிடித்து அனுப்ப வேண்டும். பருப்பு மூட்டைக்கு நடுவே ஒரு கையில் அலைபேசியும் மறுகையில் சாவிக்கொத்துமாக அவர் பின்னோக்கி நடந்து எடுக்கும் அந்தப் படத்தில், பெயர்ப்பலகையை மறைத்துத் தொங்கும் ஷாம்பு சரம் விழுந்துவிட்டால், சரத்தை ஒதுக்கிக் கட்டிவிட்டுத் தெருவிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.