கட்-ஆஃப் அண்ணன்

சென்னை அண்ணா நகரில் சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தில் யார் புதுசு, யார் பழசு என்று கண்டுபிடிப்பது சுலபம். தோளில் பை, கையில் லக்ஷ்மிகாந்தின் அரசியலமைப்புப் புத்தகம், காதில் கரண்ட் அஃபேர்ஸ் என்று வருகிறவன் புதுசு. போன மாதம்தான் ஊரில் பஸ் ஏறியிருப்பான். கொஞ்சம் பழகியவன் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட டாப்பர் நோட்ஸோடு வருவான். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, எதுவும் கேட்காமலே மாஸ்டர் சர்க்கரை கம்மியாகப் போட்டு நீட்டுகிற கிளாஸை வாங்கிக்கொள்கிறாரே, அவர்தான் அண்ணன்.

அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. அது ஹால் டிக்கெட்டில் மட்டும் இருக்கிறது. விடுதியில் அவர் கட்-ஆஃப் அண்ணன். அனேகமாக எல்லா விடுதியிலும் இப்படி ஒருவர் இருப்பார். நான் சொல்கிற அண்ணன் அருப்புக்கோட்டைக்காரர், விருதுநகர் மாவட்டம். ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று மத்திய அரசு 2018ல் ஒரு பட்டியல் போட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு இரண்டு இடம்: ராமநாதபுரம், விருதுநகர். மாவட்டமும் விழைகிறது, அண்ணனும் விழைகிறார். யார் முந்துவார் என்று இதுவரை தெரியவில்லை.

அண்ணன் எழுதுவது சிவில் சர்வீஸ் முதனிலைத் தேர்வு. 1979ல் கோத்தாரி குழு சொன்னபடி கூட்டத்தைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. பொது அறிவுத் தாளில் இரண்டு மணி நேரம், நூறு கேள்வி, இருநூறு மார்க். ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டு. மூன்று தப்பு சேர்ந்தால் சரியாக எழுதிய ஒன்றை விழுங்கிவிடும். இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற மார்க் எதற்கு உதவும்? அடுத்த கட்டமான மெயின்ஸ் எழுத அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். கடைசித் தரவரிசையில் இந்த மார்க்கை யாரும் கூட்டுவதில்லை. யாரும் கூட்டாத மார்க்குக்காக அண்ணன் தன் இருபதுகளை மொத்தமாகக் கொடுத்திருக்கிறார். அதைச் சொன்னால், “வாசலே தெரியாம வீட்டுக்குள்ள எப்படிப் போறது?” என்பார். வாசலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

தன் மூப்பை அவர் வருஷக் கணக்கில் சொல்வதில்லை. “நான் லக்ஷ்மிகாந்த் அஞ்சாம் பதிப்பு. நீ?” என்பார். எதிரில் நிற்கிற பையன் ஏழாம் பதிப்பு என்றால் முகத்தில் ஒரு பரிவு வந்துவிடும். அந்த ஐந்தாம் பதிப்பில் முதல் தடவை மஞ்சள் கோடு, அடுத்த வருஷம் பிங்க், அதற்கடுத்த வருஷம் பச்சை. இப்போது புத்தகம் முழுக்கக் கோடு. ஆகவே இந்த வருஷம் ரிவிஷனுக்கு அவர் படிப்பது கோடு போடாமல் விட்டுப்போன வரிகளை மட்டும்.

படித்துப் படித்து அண்ணனுக்கு உலகமே ‘கீழ்க்கண்ட கூற்றுகளைக் கவனிக்கவும்’ என்று ஆகிவிட்டது. ஊரிலிருந்து அம்மா போன் போட்டு, “சாப்பிட்டியாப்பா? உடம்பு நல்லாருக்கா? கையில பணம் இருக்கா?” என்று மூச்சுவிடாமல் கேட்பார். அண்ணன் நிதானமாக, “ஒண்ணும் ரெண்டும் மட்டும் சரிம்மா” என்பார். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. இப்போது பழகிவிட்டது. “சரி, மூணாவதை அப்பாகிட்டச் சொல்றேன்” என்று வைத்துவிடுகிறார். மறுநாள் ஜிபேயில் இரண்டாயிரம் வருகிறது.

தெரியாத கேள்வியைத் தெரிந்ததுபோல் ஆக்குகிற வித்தைக்கு எலிமினேஷன் என்று பேர். அண்ணன் அதில் கரை கண்டவர். கூற்றில் ‘எல்லா’, ‘மட்டுமே’, ‘எப்போதும்’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தப்பு என்று அடிக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. இதை அவர் தேர்வறைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு மாதம் பத்தாம் தேதி விடுதி ஓனர் படியேறி வந்து, “தம்பி, எல்லாரும் வாடகை குடுத்துட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி” என்றார். அண்ணன், “‘எல்லாரும்’னு ஒண்ணு, ‘மட்டும்’னு ஒண்ணு. ரெண்டு எக்ஸ்ட்ரீம் வேர்டு இருக்கு சார். ஸ்டேட்மென்ட் தப்பாத்தான் இருக்கணும்” என்றார். விசாரித்ததில் கடைசி ரூம்காரனும் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. விதி ஜெயித்துவிட்டது. ஆனால் வாடகையை அன்றைக்கே கட்டவேண்டி வந்தது, இரண்டு பேருமே.

அவருடைய அறிவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மணிப்பூர் லோக்தாக் ஏரியில் மிதக்கிற புல்மேடு, அதன்மேல் மேய்கிற சங்காய் மான், நிதிக் குழுவுக்கு 280வது பிரிவு, கோடியக்கரை ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வருஷம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒருநாள் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற பஸ்ஸில் அவரோடு போனேன். பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஜன்னலுக்கு வெளியே விரிந்து கிடந்தது. நாரைகள் நின்றன. அண்ணன் குனிந்து போனில் பிடிஎஃப் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘பள்ளிக்கரணை: 2022ல் ராம்சர் தகுதி’ என்று இருந்தது. “அண்ணா, வெளியே பாருங்க” என்றேன். பார்த்தார். “இதெல்லாம் கேக்கமாட்டான்” என்று மறுபடி குனிந்துகொண்டார்.

கல்யாண வீடுகளுக்கு இப்போது போவதில்லை. முதல் இரண்டு வருஷம் போனார். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், “பையன் கலெக்டருக்குப் படிக்கிறான்” என்று பந்தியில் இருப்பவர்களிடமெல்லாம் சொன்னார். எதிர் இலைக்காரர் வாயில் வைத்த அப்பளத்தை எடுத்துவிட்டு வணக்கம் சொன்னதும் உண்டு. பிறகு அது, “கவர்ன்மென்ட் பரிட்சைக்குப் படிக்கிறான்” என்று ஆனது. அப்புறம், “ஏதோ படிச்சுக்கிட்டிருக்கான்.” இப்போது யாராவது கேட்டால் அப்பா, “மெட்ராஸ்ல இருக்கான்” என்று நிறுத்திக்கொள்கிறார். பெண் வீட்டார் வயதைக் கேட்டபோது அண்ணன் பதிலுக்கு, “ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி கணக்குப்படியா, இல்ல பொதுவா கேக்குறீங்களா?” என்றாராம். தேர்வாணையம் வயதை அந்தத் தேதி வைத்துத்தான் கணக்கிடுகிறது. பொதுப் பிரிவுக்கு 32, ஓபிசிக்கு 35. அண்ணன் ஓபிசி, அதனால் ஒன்பது அட்டெம்ப்ட். பெண் வீட்டாருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அட்டெம்ப்ட் விஷயத்தில் அண்ணன் சிக்கனமானவர். விண்ணப்பம் போட்டு ஹால் டிக்கெட் வந்தாலும், தேர்வறைக்குப் போய் ஒரு தாளாவது எழுதினால்தான் அது ஓர் அட்டெம்ப்ட். போகாவிட்டால் கணக்கில் ஏறாது. எனவே ஒரு வருஷம் தேர்வன்று காலையில் மனசு சரியில்லை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். சாயங்காலம் டீக்கடையில், “இந்தத் தடவை அட்டெம்ப்டைச் சேமிச்சிட்டேன்” என்றார். பேங்கில் போட்டு வைத்ததுபோல ஒரு நிம்மதி அந்த முகத்தில். வயதைச் சேமிக்க வழியில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மற்றபடி அவர் காத்திருப்பது தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்காகத்தான். அன்றைக்கு அண்ணா நகரில் அவர் ராஜா. ஒவ்வொரு அகாடமியும் ஓர் ஆன்சர் கீ வெளியிடும். ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அண்ணன் எல்லாவற்றையும் வைத்துத் தன் மார்க்கைப் போட்டுப் பார்ப்பார். எதில் கூட வருகிறதோ, அந்த அகாடமிதான் அந்த வருஷம் தரமானது. பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்-ஆஃப் சொல்லத் தொடங்குவார். பையன்கள் சுற்றி நிற்பார்கள். “பேப்பர் மாடரேட். சீட் போன வருஷத்தைவிடக் கம்மி. ஜெனரல் தொண்ணூறு பிளஸ் ஆர் மைனஸ் டூ.” ஒருத்தன் முகம் தொங்கும், ஒருத்தன் தைரியமாக வடை வாங்குவான். இரண்டு வாரத்தில் முடிவு வரும், ஆனால் அதில் வெறும் பதிவெண்கள்தான். நிஜமான கட்-ஆஃப் மெயின்ஸ், நேர்முகம் எல்லாம் முடிந்து, இறுதி முடிவுக்கு அப்புறம்தான் தெரியும். கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதுவரை அண்ணன் சொன்னதைப் பொய் என்று எவனும் நிரூபிக்க முடியாது. நிஜ எண் வரும்போது கேட்ட பையன்களில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

2018லும் 2019லும் பொதுப் பிரிவு கட்-ஆஃப் 98. அந்த நாட்களைப் பற்றி அண்ணன் பேசும்போது குரல் கனக்கும். 2023 மே 28 அவரால் மன்னிக்க முடியாத நாள். அன்றைய வினாத்தாளில் ‘ஒன்று மட்டும், இரண்டு மட்டும், இரண்டும்’ என்ற பழைய ஆப்ஷன்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, ‘மேற்கண்டவற்றில் எத்தனை சரி?’ என்று கேட்டிருந்தார்கள். எல்லாக் கூற்றும் தெரிந்தால்தான் விடை. ஒன்றைத் தட்டிவிட்டு மற்றதைப் பிடிக்கிற வித்தை செல்லாது. பல வருஷ உழைப்பு ஒரே காலையில் கழிவாகிப்போனது. “படிச்சவனுக்கு மட்டும் பேப்பர் எடுத்திருக்கான்” என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து தேர்வாணையத்தைப் பற்றி வந்த மிகக் கடுமையான வார்த்தை அதுதான். அந்த வருஷக் கட்-ஆஃப் 75.41க்கு இறங்கியது. அண்ணன் சொன்னது எண்பத்தைந்து. “நான் சொன்னது ட்ரெண்ட். நம்பர் இல்ல” என்று விளக்கம் கொடுத்தார்.

ஒரு குறையை மட்டும் அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அண்ணன் தமிழ் வழியில் படித்தவர். மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். முதனிலைத் தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். முதல் இரண்டு வருஷமும் கேள்வியைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போயிற்று என்பார். புரிந்த பிறகு விடை தெரியாமல் போனது வேறு கதை.

இப்படிப்பட்டவர் ஒருமுறை தேறியும்விட்டார். பட்டியலில் பதிவெண்ணைப் பார்த்தது பக்கத்து ரூம் பையன்தான். விடுதி முழுக்கக் கத்தல். அண்ணன் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெயின்ஸுக்கு மூன்றே மாதம். ஒன்பது தாள். விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியம் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தார், புத்தகத்தைப் பிரிக்கவில்லை. இருந்தாலும் போனார். கட்டுரைத் தாளில் ஒரு பிரிவுக்கு நாலு தலைப்பு கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அதைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. மூன்றைக் கழித்தார், ஒன்றைப் பிடித்தார். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அதைப் பற்றி ஆயிரம் வார்த்தைக்குமேல் எழுதவேண்டும் என்பதுதான் சிக்கலாகிவிட்டது.

மெயின்ஸில் விழுந்தாலும் சரி, நேர்முகம்வரை போய் விழுந்தாலும் சரி, அடுத்த வருஷம் மறுபடி முதனிலையிலிருந்துதான் தொடங்கவேண்டும். மற்றவர்கள் இதைச் சொல்லி அழுவார்கள். அண்ணன் வீடு திரும்பியவரைப்போல டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். அப்போதிலிருந்து இலவசப் பயிற்சியும் கொடுக்கிறார். மாநில அரசு 2023ல் நான் முதல்வன் திட்டத்தில் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று பத்து மாதத்துக்கு உதவித்தொகை அறிவித்தது. முதனிலைத் தேர்வுக்குப் படிக்க அந்த உதவி. அதை வாங்க ஒரு தேர்வு எழுதவேண்டும். அந்தத் தேர்வுக்குப் படிப்பது எப்படி என்று கேட்டு வருகிற பையன்களுக்கு அண்ணன்தான் ஆசான். அவரிடம் கேட்டுப் போனவர்களில் உதவித்தொகை வாங்கியவர்கள் உண்டு, பணியில் சேர்ந்தவர்களும் உண்டு. எலிமினேஷனை மட்டும் யாரும் அவரிடம் கற்றுக்கொண்டதாக வெளியே சொல்வதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு தேர்வு நாளில், என் அக்கா மகனைக் கொண்டுவிடப் போன பள்ளிக்கூட வாசலில். காலைத் தாள் 11.30க்கு முடிகிறது, மதியம் சிசாட் என்கிற திறனறித் தாள் 2.30க்கு. நடுவில் வேப்பமரத்தடியில் அண்ணனின் சபை கூடியிருந்தது. டிபன் பாக்ஸோடு அப்பா அம்மாக்கள்கூடக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிசாட்டைப் பற்றி ஒரு பெண் பயந்து கேட்டதற்கு, “வெறும் க்வாலிஃபையிங்மா, முப்பத்துமூணு பர்சென்ட் போதும்” என்றார். ஒரு வருஷம் பொது அறிவில் நூறைத் தாண்டிவிட்டு, அந்த முப்பத்துமூன்றில் இரண்டு மார்க் குறைந்து வீட்டுக்குப் போனவர் அவர்தான். அதைச் சொல்லவில்லை.

மணி இரண்டு நெருங்கியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அண்ணன் எல்லோருக்கும் கை காட்டி முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டைப் பார்த்து நடந்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தார்.

“சார், பேரன்ட்ஸ் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.”

அண்ணன் பேசாமல் பாக்கெட்டிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். கான்ஸ்டபிள் அதை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கத்தினார்:

“யாருப்பா அது, ஹால் டிக்கெட்டை அப்பாகிட்டயே விட்டுட்டுப் போயிட்டது?”