பொதுவேளை: ராக் குழுவின் நான்காம் வாத்தியம்

மூன்று பேர் கொண்ட ராக் குழுவுக்கு வாத்தியங்களும் மூன்று: கிட்டார், பேஸ், டிரம்ஸ். இது எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு; ஆனால் தப்புக் கணக்கு. பெரிய கம்பெனியின் முன்பணம் இல்லாமல், பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வாசிக்கும் குழுவுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. அதைப் 'பொதுவேளை' என்போம். ஒருவருக்கும் ஷிஃப்ட் இல்லாத, ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாத, ஒருவர் வீட்டுக்கும் விருந்தாளி வராத நேரம் என்பது இலக்கணம். வாரத்தின் 168 மணி நேரத்தில் அப்படி எத்தனை தேறும்? கல்யாணத்துக்கு இரண்டு ஜாதகம் பொருந்தினால் போதும். இங்கே மூன்று பொருந்த வேண்டும், அதுவும் வாராவாரம். பாட்டின் நீளம் முதல் ஆல்பத்தின் அமைப்பு வரை அனைத்தையும் இந்த நான்காம் வாத்தியமே தீர்மானிக்கிறது என்பது நம் துணிபு.

சான்று, கலிஃபோர்னியாவின் துறைமுக ஊரான சான் பெட்ரோவிலிருந்து 1980இல் கிளம்பிய மினிட்மென். டி. பூன், மைக் வாட், ஜார்ஜ் ஹர்லி மூவரும் தங்கள் சிக்கனத்துக்கு 'எகானோ' என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். முதல் வெளியீட்டில் ஏழு பாட்டு. மொத்தமும் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்டுடியோ வாடகை குறையும் பின்னிரவில் போய், ஏற்கெனவே பயன்படுத்திய டேப்பில், இசைத்தட்டில் வரவேண்டிய வரிசையிலேயே பதிவுசெய்தார்கள். வெட்டி ஒட்டும் கூலி மிச்சம். 1984இல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' இரட்டை இசைத்தட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். அவற்றை அடுக்கியது கலைக்கொள்கையன்று, பாகப்பிரிவினை. ஆளுக்கு ஒரு பக்கம். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குச் சீட்டுப் போட்ட மாதிரி குச்சி இழுத்தார்கள். மூவரும் எடுத்ததுபோக மிஞ்சியதை நான்காம் பக்கத்தில் கொட்டி, கூச்சமே இல்லாமல் 'பதர்' என்று பொருள்படப் பெயரும் வைத்தார்கள். பங்காளிச் சண்டை இல்லாமல் இப்படிப் பிரிந்த சொத்து அபூர்வம்.

குழுவின் பெயர் அமெரிக்க விடுதலைப் போர்க்கால ஊர்ப்படையைச் சுட்டுவது, நிமிடக் கணக்கையன்று என்பாரும் உளர். இருக்கட்டும், கூப்பிட்ட நிமிடத்தில் ஏரையும் பட்டறையையும் விட்டு ஓடிவந்தவர்கள்தானே அந்தப் படையினர்? குறும்பாட்டு, 21 பாட்டுகளோடு 1977இல் வந்த வயர் குழுவின் முதல் ஆல்பத்திடம் கற்றது என்பது இன்னும் வலுவான தடை. கற்றது மெய்தான். நீளநீளமாக வாசிக்கிறவர்களும் அன்று ஏராளம். அவர்களை விட்டு இவர்களிடம் பாடம் கேட்கவைத்தது எது என்பதே நம் கேள்வி. வேலையை விட்டால் இசை பெருகாதோ என்பது மூன்றாம் தடை. கம்பெனிக் குழுதான் என்றாலும் பாஸ்டனை இங்கே பார்க்கலாம். போலராய்டில் எஞ்சினியர் வேலை பார்த்துக்கொண்டே டாம் ஷோல்ஸ் தன் வீட்டு நிலவறையில் பெரும்பகுதியைப் பதிவுசெய்த முதல் ஆல்பம் 1976இல் வந்தது. வேலையை விட்டபின், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே எட்டு வருஷம். அதில் வழக்குக்கும் பங்குண்டு என்பதை மறைக்கவில்லை. வழக்காட வேளை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறோம்.

கடைசிச் சான்று, மேற்சொன்ன இரட்டைத் தட்டின் அட்டைப்படம். மைக் வாட் கார் ஓட்டுகிறார். படம் பின்னிருக்கையிலிருந்து எடுத்தது. வேகமுள் சரியாக 55இல் நிற்கவேண்டும், கண்ணாடியில் அவர் கண் தெரியவேண்டும், எதிரே சான் பெட்ரோ வழிகாட்டிப் பலகை வரவேண்டும். மூன்றும் ஒரே கணத்தில் கூடிவர, அதே சாலையில் திரும்பத் திரும்ப ஓட்டவேண்டியிருந்தது.