இழுவைமடிக்கு ஒரு திருத்தம்

கேள்வி: எங்கட எம்.பி.மார் பாராளுமன்றத்தில் கத்துகினம். சட்டம் மட்டும் வரக் காணோமே? (வாசகர், பேசாலை)

பதில்: கத்தினால் ஹன்சாட் பதிவேட்டில் வரும், சட்டப் புத்தகத்தில் வராது. இழுவைமடி கடலடியை வழித்து, இறால் குஞ்சையும் சேர்த்து அள்ளுவதைப் பற்றி மன்னாரில் போடாத கூச்சலா? அதைத் தடைசெய்ய, அப்போது எம்.பி.யாக இருந்த சுமந்திரன் அமைச்சராக இல்லாததால் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதுவும் புதுச் சட்டமல்ல, 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்துக்கு ஒரு சின்னத் திருத்தம். சட்டத்தரணியல்லவா, எந்தக் கதவு பூட்டப்படாமல் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது! ஆளுந்தரப்பின் கையும் உயர, 2017 ஜூலை 6இல் நிறைவேறியது. இழுவைமடி அடித்தால் 2 வருடம் வரை சிறை, 50,000 ரூபா தண்டம். பிடிப்பது யார் என்கிறீர்களா? அதைக் கடற்படையிடமும் கடற்றொழில் திணைக்களத்திடமும் கேளுங்கள்.