கிடாரைப் பரணில் போட்டவர்கள்

ஐந்து பேர் கொண்ட குழு. அதில் மூன்று பேர் கிடார்காரர்கள். அப்படிப்பட்ட குழு அடுத்த ஆல்பத்துக்குக் கிடாரை ஓரங்கட்டுவது, பந்திக்கு இலை போட்ட பிறகு சமையல்காரர் “இன்னிக்கு அடுப்பு வேண்டாமே” என்பதற்குச் சமம்.

ரேடியோஹெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களுக்கு 1997-இல் வந்த கஷ்டமே விசித்திரமானது: ஜெயித்துவிட்டார்கள். ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் சக்கைப்போடு போட்டது. போகிற ஊரிலெல்லாம் கைதட்டல், பேட்டி, போட்டோ. பாடகர் தாம் யார்க் நொந்து நூலானார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையில்லை இது. பிள்ளையாரேதான் வந்தார், கும்பிட வந்த கூட்டம்தான் தாங்கவில்லை. மனிதர் கார்ன்வால் கடலோரத்தில் வீடு வாங்கி, பாறைமேல் நடந்தார், படம் வரைந்தார். வீட்டில் ஒரு பியானோ. அதைச் சரியாக வாசிக்கத் தெரியாது. தெரியாததால்தான் புதுப் பாட்டு பிறந்தது. போதாததற்கு வார்ப் கம்பெனியின் எலெக்ட்ரானிக் இசைத்தட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து அதிலேயே மூழ்கிவிட்டார்.

1999 தொடக்கத்தில் பாரிஸில் உட்கார்ந்தார்கள், தேறவில்லை. கோபன்ஹேகன் போனார்கள், அங்கேயும் தேறவில்லை. குளோஸ்டர்ஷயரில் ஒரு பெரிய மாளிகை, கடைசியில் சொந்த ஊர். ராமேஸ்வரம் போயும் சனி விடவில்லை. கிடார்காரர் எட் ஓ’பிரையன், சின்னச் சின்னக் கிடார் பாட்டாகப் போடலாமே என்று நினைத்திருந்தார், பாவம். டிரம்மர் ஃபில் செல்வேயின் வேலையைப் பல இடங்களில் மெஷின் பார்த்தது. வெளியிடும் தகுதியோடு ஓர் ஆல்பம் தேறாவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாம் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். விவாகரத்துப் பேச்சுக்கு நடுவே பிள்ளை பெற்ற குடும்பம் அது.

பாட்டு எழுத வரவில்லையா? வரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்தார் யார்க். நம் குலுக்கல் சீட்டுக்காரர்கள் இதைவிடப் பொறுப்பாகக் குலுக்குவார்கள்.

குழுவில் உண்மையான கிறுக்கு இன்னொரு கிடார்காரர் ஜானி கிரீன்வுட்தான், மரியாதையோடுதான் சொல்கிறேன். 1928-இல் பிரான்சில் அரங்கேறிய ஓந்த் மார்த்தனோ என்ற கருவிமேல் அவருக்குத் தீராத மோகம். சினிமாவில் பேய் வருவதற்குச் சற்றுமுன் கேட்குமே, ஏறக்குறைய அந்த ஓலம். ஒருநாள் ஐம்பது நிமிடத்துக்கு ஏதேதோ சத்தங்களைப் பதிவு செய்து யார்க் தலையில் கட்டினார். அந்த மலையில் யார்க் பிடித்த எலி ஒரு சிறு பகுதிதான். ஆனால் அது தங்க எலி. பால் லான்ஸ்கி என்பவர் 1973-இல் கம்ப்யூட்டரில் செய்த இசையின் துண்டு அது. பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த அவருக்கு முறையாகக் கடிதம் போட்டு அனுமதி வாங்கினார்கள். ‘இடியோடெக்’ பாட்டு பிறந்தது. மெஷின் தாளத்துக்கு உலக அழிவைப் பாடினால் ஜனம் எழுந்து ஆடும் என்று எந்த ஜோசியர் சொல்லியிருப்பார்?

2000 அக்டோபரில் வந்த அந்த ஆல்பம்தான் ‘கிட் ஏ’. முதல் பாட்டிலேயே குரல் சிக்கித் திக்குகிறது. சிடி பிளேயரைத் தட்டிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். தனிப்பாட்டு வெளியீடு கிடையாது, முழு வீடியோ கிடையாது, சில நொடிக் கார்ட்டூன் துணுக்குகள்தான். போதாக்குறைக்கு, கடைக்கு வருமுன்பே இணையத்தில் பாட்டுப் பகிரும் நாப்ஸ்டரில் ஊரே திருடிக் கேட்டாயிற்று. கம்பெனிக்காரர்கள் குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்திருப்பார்கள்.

முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 2,07,000 பிரதிகள். அங்கே அவர்களுக்கு முதன்முறையாக முதலிடம். கூட்டத்திடமிருந்து தப்பி ஓடியவர்கள் முச்சந்திக்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

லண்டனின் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையோ இந்த ஆல்பத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் போட்டது. 1926-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை, 2000 டிசம்பரில் மூடப்பட்டது.