அரைப்பேர்க் கணக்கு

நுவரெலியா மாவட்டத்து வட்டகொடைப் பக்கத்தில் ஒரு சலூன். அங்கே முடிவெட்ட வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டு சுழல் நாற்காலி, ஒரு நீள பெஞ்சு, சுவரில் மெஸ்ஸி, மெஸ்ஸிக்குக் கீழே முருகன் கலண்டர். பெஞ்சின் ஜன்னலோரம் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருக்குச் சொந்தம். வயது எழுபத்திரண்டு. மடியில் எப்போதும் ஓர் எண்பது பக்கக் கொப்பி. மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி அவர் எழுதுவதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், யாரோ அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைப்பில் தப்பில்லை. இலங்கை உதைபந்தாட்ட அணி அவருக்கு நிறையவே பாக்கி வைத்திருக்கிறது.

கொப்பிக்குள் கட்டம் போட்டு, அச்சு அசல் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேடு மாதிரியே எழுதியிருப்பார். தோட்டத்துக்காரர்களுக்கு இந்த முறையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம்: மலைக்குப் போய், சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது முழு நாட்சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். அதற்கு மேல் எடுத்தால் கைக்காசு. நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு வேறு. நாற்பது வருடம் பிறர் பேரை எழுதியும் கழித்தும் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்குமா? தேசிய அணிக்குப் பேர் போடத் தொடங்கிவிட்டது.

ஒரே ஒரு வித்தியாசம். தோட்டத்தில் கழித்த கை, இங்கே கூட்டுகிறது.

வெற்றிக்கு முழுப்பேர். சமநிலைக்கு அரைப்பேர். இதுவரை நியாயம்தான். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் அரைப்பேர் என்று அவர் வைத்திருக்கும் விதியில்தான் தகராறு. 2025 மார்ச் 25ஆம் திகதி, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கை பேங்கொக் போய்த் தாய்லாந்திடம் 0-1 என்று தோற்றது. மறுநாள் காலையில் கொப்பியில் அரைப்பேர் விழுந்திருந்தது. தாடி மழிக்க வந்த இளந்தாரி ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"தோத்ததுக்கு எப்படிங்கய்யா அரைப்பேரு?"

"தம்பி, மழையில மலைக்குப் போனவனுக்கு என்ன போடுவாங்க?"

"அரைப்பேரு."

"இவனுக எங்க போனானுக? தாய்லாந்துக்கு. அந்த ஊரு மழையில ஒரு கோல்தானே வாங்கிட்டு வந்திருக்கானுக? எழுதுனது எழுதுனதுதான்."

அன்று பேங்கொக்கில் மழை பெய்ததா என்று கேட்கும் தைரியம் பையனுக்கு வரவில்லை. தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி இருந்தது.

இதை எழுதுகிறவரும் அந்தக் கொப்பியைப் பார்த்து முதலில் சிரித்தவர்தான். பின்பக்கங்களைப் புரட்டிய பிறகு சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பழைய கணக்கு அப்படி.

1952இல் கொழும்புக் கிண்ணம் என்று இந்தியா, பாகிஸ்தான், பர்மாவோடு மோதத் தொடங்கிய நாடு இது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே ஒரு தங்க கோலால் இந்தியாவை வீழ்த்தியது. கொப்பியில் இந்த வரி மட்டும் சிவப்பு மையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் "கைக்காசு" என்ற குறிப்பும் இருக்கிறது. 1995இல் இந்த நாட்டில் உதைபந்தைப் பற்றிப் பேச ஆளிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் லாகூரில் அர்ஜுன ரணதுங்க கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைத் தூக்கியதும் உதைபந்துக்காரன் பாடு, பெரிய வீட்டுக் கல்யாணம் நடக்கும் நாளில் பக்கத்து லயத்தில் காதுகுத்து வைத்தவன் பாடாகிவிட்டது. 2006இல் ஏஎஃப்சி சவால் கிண்ண இறுதிவரை போனதுகூடப் பலருக்கு ஞாபகமில்லை. டாக்காவில் தஜிகிஸ்தானிடம் வாங்கிய 0-4ஐ ஞாபகத்தில் வைத்திருக்க யாருக்கு ஆசை?

பிறகு 2015 மார்ச். உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த பூட்டான், உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்காகக் கொழும்பு வந்து 1-0 என்று ஜெயித்தது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2-1 என்று மறுபடியும் ஜெயித்தது. உலகமே பூட்டானைக் கொண்டாடியது. எல்லாப் பத்திரிகைகளும் கடைசி இடத்து அணியின் வீரத்தைப் பற்றி எழுதின. அந்த வீரத்தைக் காட்டுவதற்கு ஒரு எதிரணி தேவைப்பட்டதே, அதைப் பற்றி ஒருவரும் உருப்படியாக எழுதவில்லை. கணக்கப்பிள்ளையின் விதிப்படி இரண்டும் ஒரு கோல் தோல்விதான். இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு முழுப்பேர். அந்தக் கூட்டலை அவரே போடவில்லை. அந்தக் கட்டம் வெகுகாலம் வெறுமையாகத்தான் இருந்தது. மனசாட்சி என்று ஒன்று கணக்கப்பிள்ளைக்கும் உண்டு.

அதற்குப் பின் அணி தரவரிசையில் 200ஐத் தாண்டிக் கீழே போனது. 2023 ஜனவரியில் பீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம்தான் தடை நீங்கியது. மற்ற ரசிகர்கள் தலையில் கைவைத்த அந்த ஏழு மாதத்துக்கு நேரே கொப்பியில் நேர்த்தியான கையெழுத்தில் ஒரு குறிப்பு உண்டு: "தோல்வி: இல்லை."

நடுவே சில நல்ல நாட்களும் வந்தன. 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாட்டுத் தொடரில் மாலைதீவோடு 4-4. இலங்கையின் நான்கு கோலையும் பெர்லினில் பிறந்த வசீம் ராசிக் ஒருவரே அடித்தார். அணி இறுதியாட்டம்வரை போய், செஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றது. நான்கு பேருடைய கொழுந்தை ஒருவன் எடுத்தால் பேரை எப்படிப் போடுவது என்று அன்றைக்குச் சலூனில் நடந்த வாதம் இரவு எட்டு மணிக்குக் கடை சாத்தும்வரை ஓயவில்லை.

ராசிக் காட்டிய வழியில்தான் இப்போதைய அணி வந்து சேர்ந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து ஜாக் ஹிங்கர்ட், ஒலிவர் கெலார்ட். லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா. ஜேர்மனியிலிருந்து குளோடியோ காமர்நெக்ட். சுவீடனிலிருந்து ஆதவன் ராஜமோகன். தாத்தா பாட்டி ஊரைத் தேடி வந்த பேரப்பிள்ளைகள் மாதிரி ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். வட்டகொடை ரசிகனுக்கு இதில் இருந்த ஒரே கஷ்டம் உச்சரிப்பு. ஆதவன் ராஜமோகன் என்ற பெயர் வந்ததும் சலூன் நிமிர்ந்து உட்கார்ந்தது. நம்ம வீட்டுப் பெயர். காமர்நெக்ட் என்ற பெயர் மட்டும் யார் வாயிலும் அடங்கவில்லை. இரண்டே வாரத்தில் அவர் "கமர்கட்டு" ஆகிவிட்டார். கடிக்கக் கடிக்கக் கரையாத தடுப்பாட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஜேர்மன் மொழியில் இருக்கப்போவதில்லை.

"நம்ம பிள்ளைக கொழும்புக்கு வேலைக்குப் போறாங்க, அவங்க பிள்ளைக கொழும்புக்கு விளையாட வர்றாங்க" என்றார் சலூன்காரர். அவர் எதிலும் குறை காண்கிறவர். தொழில் அப்படி, நாள் முழுக்க மனிதர்களின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

ஆனாலும் பலன் தெரிந்தது. 2024 மார்ச்சில், அதே பூட்டானை, அதே கொழும்பில் 2-0 என்று வென்றார்கள். ஒன்பது வருடமாக வெறுமையாக இருந்த கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு குறுக்குக்கோடு விழுந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கம்போடியாவோடு இரண்டு ஆட்டங்கள். ஒன்று 0-0, மற்றது 2-2. கடைசியில் பெனால்டியில் 4-2 என்று ஜெயித்து, 2027 ஆசியக் கிண்ணத்துக்கான இறுதித் தகுதிகாண் சுற்றுக்குள் இலங்கை நுழைந்தது. பனிமூட்டத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் கைபேசியில் அந்தப் பெனால்டிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஒருவர் பந்தை வைத்து, நாலடி பின்னால் போய், ஓடி வருவார், படம் நின்றுவிடும். கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தால் அடுத்தவர் பந்தை வைத்துக்கொண்டிருப்பார். நடுவில் என்ன நடந்தது என்பதை எதிர் லயத்தில் எழும்பும் சத்தத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

அதே செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு செய்தியையும் ஒரே மாதத்தில் கேட்ட கணக்கப்பிள்ளை, யாரோ தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாராம்.

ரசிகர்களின் பொறுமை எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. ஆயிரம் கையில் வந்தது 2021இல். இடையில் எத்தனை கூட்டம், எத்தனை வாக்குறுதி, எத்தனை "அடுத்த மாதம்"! அப்படி ஆறு வருடம் காத்திருந்து பழகியவர்களிடம் போய், "உங்கள் அணி முன்னேற இன்னும் கொஞ்சக் காலம் ஆகும்" என்று தொலைக்காட்சியில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால், அவர்கள் அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்வார்களா என்ன?

2025 ஜூன் 10. கொழும்பில் சீன தைப்பேயை இலங்கை 3-1 என்று வென்றது. கொப்பியில் முழுப்பேர், இரண்டு கோல் உபரிக்குக் கைக்காசு. அன்றைக்குத்தான் கணக்கப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. தேத்தண்ணியை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"கிரிக்கெட்டுல நம்ம மொத டெஸ்ட் எப்ப?"

"எண்பத்திரெண்டு" என்றது பெஞ்சு.

"உலகக் கிண்ணம்?"

"தொண்ணூத்தாறு."

"ஆக, பதினாலு வருஷம். உதைபந்து எழும்புனது ரெண்டாயிரத்து இருபத்திநாலு. கூட்டு."

2038. பெஞ்சு சிறிது நேரம் பேசவில்லை. கடைசியில் சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, அந்த வருடம் உதைபந்து உலகக் கிண்ணம் நடக்க வேண்டுமே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். 2026, 30, 34, 38 என்று விரல் மடக்கினார்கள். நடக்கிறது! நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற போட்டி, சரியாகக் கணக்கப்பிள்ளை கேட்ட வருடத்தில் வந்து நிற்கிறது. இதற்குமேல் ஆதாரம் வேண்டும் என்பவர்களோடு பேசிப் பயனில்லை.

உலகமும் அவருக்குத்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. தரவரிசையின் அடியில் கிடந்த சான் மரினோ 2004இல் லீக்டன்ஸ்டைனை வென்றது. அடுத்த வெற்றிக்கு 2024 செப்டெம்பர்வரை காத்திருந்தது. எதிரணி அப்போதும் லீக்டன்ஸ்டைன்தான். இருபது வருட இடைவெளி! அதோடு பார்த்தால் நாமெல்லாம் வாராவாரம் ஜெயிக்கிறவர்கள். 2025 நவம்பரிலோ குராசோ என்ற கரீபியன் தீவு, ஜமெய்க்காவோடு 0-0 என்று முடித்து 2026 உலகக் கிண்ணத்துக்கே போய்விட்டது. அதன் சனத்தொகை ஒன்றரை லட்சம் அளவில். நுவரெலியா மாவட்டத்தில் கால்வாசிகூட இல்லை. ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய எல்லோரும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். சலூனில் இந்தச் செய்தி வாசிக்கப்பட்டதும் கணக்கப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

"ஐயா, இதெல்லாம் தீபாவளி முற்பணம் மாதிரி" என்றார் சலூன்காரர். "வாங்குற அன்னைக்கு இனிப்பா இருக்கும். அப்புறம் மாசாமாசம் சம்பளத்துல கழிப்பாங்க."

"முற்பணம் வேணாம்னு ஒருத்தன் எழுதிக் கொடுத்ததை நீ பார்த்திருக்கியா?"

சலூன்காரர் பார்த்ததில்லை. நாற்காலியில் இருந்தவரின் தலையைச் சற்றே பலமாகத் திருப்பினார்.

இலங்கை நுழைந்த அந்த இறுதித் தகுதிகாண் சுற்றில் நான்கு அணிக்குள் முதலாவதாக வந்த அணிக்குத்தான் ஆசியக் கிண்ணம். தாய்லாந்தும் துருக்மெனிஸ்தானும் இருந்த பிரிவு அது. அது கணக்கப்பிள்ளைக்குத் தெரியாததல்ல; எழுதிக் கூட்டி வைத்திருப்பவரே அவர்தான். ஒரு நாள் இதை எழுதுகிறவர் தனியாக இருக்கும்போது கேட்டார்: உண்மையில் நம்புகிறீர்களா? பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நாப்பது வருஷம் சனங்க பேரை அரையா எழுதியிருக்கேன் தம்பி. தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றார். பிறகு, அதைச் சொன்னதற்கு வருந்தியவர் மாதிரி, கமர்கட்டுக்குக் காலில் காயமாமே, உண்மையா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

போன மாதக் கடைசியில் கொப்பி நிறைந்துவிட்டது. பஜாரில் புத்தகக் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று கேட்டார். கடைப் பையன் எண்பது பக்கம் ஒன்றையும் இருநூறு பக்கம் ஒன்றையும் மேசையில் வைத்தான். 2038இல் அவருக்கு எண்பத்தைந்து. விரலால் இரண்டின் கனத்தையும் தடவிப் பார்த்தார். பெரியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காசுக்காக மடியைத் தடவினார். பற்றவில்லை.

"கணக்குல எழுதிக்க தம்பி" என்றார். "முழுசாவே எழுது."