தெரஸ் வீட்டுக்குள் அடுத்தவர் மரம் நுழையும் விதம்: ஜொகூரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஜொகூர் பாருவிலோ கூலாயிலோ தாமான் வீடு வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது 20 அடி அகலம், 70 அடி நீளம். முன்பக்கத்தை மைவி எடுத்துக்கொள்ளும், பின்பக்கத்தைச் சமையலறை விழுங்கிவிடும். மிஞ்சுவது ஒரு ஹால், ஒரு ஜன்னல், நாலைந்து பூச்சாடி. இவற்றைக் கொண்டு வீட்டைப் பெரிதாக்க முடியுமா என்பதே இவ்வாய்வின் பொருள். சுவரை நகர்த்த நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். பார்வையை நீட்ட இதுவரை எந்தப் பாரமும் அச்சிடப்படவில்லை.

முதலில் சட்டம். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்களின்படி, குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் இருக்க வேண்டும். அதற்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்பது பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. குத்தகையாளர் அந்தப் பத்தைக் கட்டித் தருகிறார். குடியேறுகிறவர் கிரில் போட்டு, இரண்டடுக்கு லங்சீர் மாட்டி, அதைச் சுழியாக்குகிறார். தீபாவளிக்குத் தைத்த லங்சீரைப் பகலில் ஒதுக்கிக் கட்டலாமே என்ற கருதுகோளை ஆய்வாளர் தம் வீட்டில் முன்மொழிந்தார். விவாதம் நடைபெறவில்லை.

கோட்பாட்டுக்கு மிங் காலச் சீனத்துக்குப் போக வேண்டும். ஜி செங் என்ற தோட்டக் கலைஞர் 1630-களில் வெளிவந்த தம் 'யுவான் யே' நூலில், வெளியே உள்ள காட்சியைக் கடன் வாங்கித் தோட்டத்தைப் பெருக்கலாம் என்றார். தொலைவிலிருந்து, அண்டையிலிருந்து, அண்ணாந்து, குனிந்து, பருவம் பார்த்து எனக் கடன் ஐந்து வகை. வட்டி பற்றிப் பேச்சே இல்லை.

தொலைக்கடனில் தங்காக் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. 1,276 மீட்டர் உயர லேடாங் மலை அவர்கள் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இந்தக் கடனைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. 2013 ஜூனில் புகைமூட்டம் சூழ்ந்து, மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700-ஐத் தாண்டியது. மூவாருக்கும் லேடாங் மாவட்டத்துக்கும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாள்களில் எல்லா வீடும் சுவரோடு முடிந்தது. மற்ற தாமான்களில் தொலைவு என்பது தண்ணீர்த் தொட்டி. குனிந்து வாங்கினால் லோங்காங், அதிர்ஷ்டமிருந்தால் ஓர் உடும்பு.

அண்டைக் கடனே நம் மக்களுக்கு உகந்தது. பக்கத்து வீட்டு அங்கிளின் மாமரம் வேலி தாண்டி நம் ஜன்னலில் தலை நீட்டும்போது, அவர் வீட்டு 20 அடியும் நம் கணக்கில் சேர்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: வேலி கண்ணில் படக்கூடாது. முடியுமிடம் தெரியாதவரை கண் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஜன்னலோரம் அகன்ற இலையுள்ள வாழையையும், வேலியோரம் பொடி இலை முருங்கையையும் வைக்க வேண்டும். எட்டத்தில் இருப்பவை சிறிதாகத் தெரியும் என்று பழகிய கண், பொடி இலையை இன்னும் தள்ளி வைத்துக்கொள்ளும். முருங்கையில் வேதாளம் இருக்குமே என்பார்கள். அது வேலியோரம் இருப்பதே நல்லது. பூச்சாடித் தட்டில் நீர் தேங்கவிட்டால் மட்டும் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் குறுக்கிடும். ஏடிஸ் கொசுவுக்கும் நமக்கும் சேர்த்துத் தோட்டம் அமைக்க அதில் இடமில்லை.

கண்ணாடியை நம்புவோரும் உண்டு. ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயிலில் ஏறத்தாழ மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். உள்ளே நின்றால் சுவர் எங்கே என்று தெரியாது. இதை ஹாலில் செய்து பார்க்கிறவர்கள் ஜன்னலுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடியை மாட்டுகிறார்கள். மரம் இரண்டாவது உண்மை. மைவியும் இரண்டாகும். வரும் விருந்தினரெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் தலை சீவிக்கொள்வார்கள்.

எஞ்சியுள்ள சிக்கல், கடன் கொடுத்தவர் மனம் மாறுவது. அங்கிளின் மகன் காருக்குக் கூரை நீட்ட நினைத்தால் மாமரம் போகும். நம் ஹால் மறுநாளே பழைய அளவுக்குச் சுருங்கும். எனவே இவ்வாய்வு பரிந்துரைப்பது: பொங்கலுக்குக் கரும்போடு ஒரு ரம்புத்தான் கன்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். நடுவதும் இலை கூட்டுவதும் அவர் பொறுப்பு, பார்ப்பது நம் பொறுப்பு. இத்திட்டம் இன்னும் அங்கிளுக்குத் தெரிவிக்கப்படவில்லை.